தோளும் மூச்சும்

என் வீட்டுக்காரர் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, மூன்றாவது மாடி வள்ளியம்மா ஆன்ட்டி அரிசிக்கு மறுபடியும் தட்டுப்பாடு வரப்போகிறது என்று முடிவு கட்டிவிட்டார். அன்று சாயங்காலமே இரண்டு மூட்டை வாங்கி அடுக்கிவிட்டு, மறுநாள் காலை நான் வேலைக்கு இறங்கும்போது கதவருகே நிறுத்தி, விமலன் மொத்தம் எத்தனை மூட்டை ஏற்றி வைத்திருக்கிறார் என்று ரகசியமாகக் கேட்டார். ஒரே மூட்டைதான் ஆன்ட்டி, அதையேதான் ஏற்றி ஏற்றி இறக்குகிறார், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கப் பயிற்சி என்றேன். என் முகத்தை ஒரு முறை உற்றுப் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. யார்தான் நம்புவார்கள்? காவடி எடுப்பவர்கள் விரதம் இருப்பார்கள், கோயிலுக்குப் போவார்கள். அதோடு ஜிம்முக்கும் போய், கிள்ளானில் எங்கள் ஃபிளாட்டின் நான்கு மாடியையும் அரிசி மூட்டையோடு அளந்துகொண்டிருப்பவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

விமலனுக்கு உடம்பு என்றால் உயிர். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர் வேலை. வேலை விட்டால் ஜிம். கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான். பெண் பார்க்க வந்தபோது சட்டைக் கை முண்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளைக்கு ஒரு அளவு பெரிய சட்டை எடுத்துத் தர வீட்டில் யாருமில்லையா என்று என் அக்கா உஷாராணி காதோடு சொல்லிச் சிரித்தாள். அவர் இரும்பு தூக்குவதோடு சரி. ஓடுவது ஆகவே ஆகாது. கோமுட்டர் ரயிலின் கதவு மூடப்போகிறது என்றாலும் நடந்துதான் வருவார். அடுத்த ரயிலில் போனால் போகிறது என்பார். ஓடினால் மசல் கரைந்துவிடும் என்பது அவருடைய கொள்கை. சிலருக்குக் கட்சி, சிலருக்குச் சாமி, இவருக்கு இது.

சாமி பிறகுதான் வந்தார். எங்கள் மகள் சிந்து நாள் கணக்குக்கு வெகு முன்னாலேயே பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவே கிடந்தாள். விமலன் பெட்டியின் பக்கத் துவாரத்தில் கையை விட்டால் அவருடைய உள்ளங்கை அவளை முழுசாக மூடிவிடும். எதையும் தூக்கிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்த மனிதர். அங்கே தூக்குவதற்கு ஒன்றுமில்லை. கையைக் கழுவிவிட்டுச் சும்மா நிற்க வேண்டியதுதான். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அன்றைக்குத்தான் வேண்டிக்கொண்டார்: குழந்தை மூச்சு விட்டு வீட்டுக்கு வந்தால் மூன்று வருஷம் பத்துமலை முருகனுக்குக் காவடி.

குழந்தை வந்தாள். அவள் நடக்க ஆரம்பித்த வருஷம் முதல் காவடி. சின்னக் காவடி, ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வருஷம் ஆளுயரத்துக்கு மேலே இரும்புச் சட்டம், சுற்றிலும் மயிலிறகு, நடுவில் வேல் என்று பெரிதாகச் செய்தார். தோள் அகலத்துக்கு ஏற்ற காவடி வேண்டாமா? ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டபோது எல்லாரும் அவரைத்தான் படம் பிடித்தார்கள். குகைக்கோயில் படியில் பாதி ஏறுவதற்குள் மூச்சு திணறியது. உதடு வெளுத்தது. இரண்டாவது தளத்துக்கு வந்ததும் முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். காவடியைக் கழற்றி மற்றவர்கள்தான் மேலே கொண்டு போனார்கள். அவரைத் தாண்டி, அவரில் பாதி உடம்புகூட இல்லாத ஓர் ஒல்லி மனிதர், அவருடையதைவிடக் கனமான காவடியோடு ஆடிக்கொண்டே ஏறிப் போனார். அந்த மனிதருக்கு அருள் வந்திருந்தது. விமலனுக்கு அருள் வருவதில்லை. உறுமி எவ்வளவு அடித்தாலும் வருவதில்லை. இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை, விளக்கை அணைத்த பிறகு, சொல்லியிருக்கிறார். அருள் வருகிறவர்களுக்குக் கனம் தெரியாதாம். இவருக்கு எல்லாக் கனமும் தெரிகிறது. அதனால்தான் ஜிம்.

அந்தத் தைப்பூசம் முடிந்த மழைக்காலத்தில் சிந்துவுக்கு வீசிங் ஆரம்பித்தது. நெஞ்சுக்குள் பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். குறைமாசத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு, வளர வளரக் குறையும் என்று டாக்டர் சொன்னார். விமலன் டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, காரில் ஏறியதும், 'நான் உட்கார்ந்துட்டேன்ல' என்றார். அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை. ஒரு மூச்சுக்காக வேண்டிக்கொண்டு இன்னொரு மூச்சில் தவறவிட்டதாக அவருக்குள் ஒரு கணக்கு விழுந்துவிட்டது.

இந்த வருஷம் முழுசாக ஏறியே தீர வேண்டும். அதற்காகத்தான் ஜாலான் மேரு பக்கம் கடைவீட்டு மாடியில் ஜிம் வைத்திருக்கும் குரு என்பவனிடம் போனார். குரு அவரைவிட வயதில் சின்னவன். வாயும் கொஞ்சம் நீளம். முதல் நாள் அவரை டிரெட்மில்லில் சரிவு வைத்து நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, "பாஸ், உங்க பாடி லோரி லா. உள்ள இருக்கிறது மோட்டோசைக்கிள் எஞ்சின்" என்றான். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயை மூடிக்கொண்டு சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவன் போட்டுக்கொடுத்த திட்டம் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு நாள் எடை, மறுநாள் மூச்சு. இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எடைதான் முதலில். நடந்து களைத்த காலோடு பாரத்துக்கு அடியில் போய் நிற்கக் கூடாது. மூச்சு நாளில் ஓடிக் கிழிக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிற வேகத்தில் வெகுநேரம் நடந்தால் போதும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இரண்டையும் சேர்க்க வேண்டும். அப்படி வந்ததுதான் அரிசி மூட்டை. விமலன் இதையெல்லாம் கேட்டார், ஆனால் மனசு கேட்கவில்லை. மூச்சு நாள் முடிந்து வந்தால் கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கிப் பார்ப்பார். என் தையல் டேப்பை எடுத்து முண்டாவைச் சுற்றுவார். உடனே எடை மெஷினில் ஏறுவார். இறங்கி வந்து சிந்துவின் முதுகில் காதை வைத்துக் கேட்பார். திரும்பவும் கண்ணாடி. ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் உட்கார மாட்டார். அவர் அலைவதைப் பார்த்து எனக்கும் உட்கார முடியாமல் போயிற்று. துடைத்த அடுப்பையே துடைத்துக்கொண்டு நிற்பேன்.

விரதம் தொடங்கியதும் இது இரண்டு மடங்கானது. ஹாலில் தரையில் படுக்கை, தனித் தட்டு, தனிப் பானை, ஒரு வேளைச் சைவச் சாப்பாடு. முட்டையும் கோழி நெஞ்சுக்கறியுமாக வளர்த்த உடம்பு கண்ணெதிரே வற்றியது. குரு பயந்துபோனான். "சாப்பாடு இல்லாம கார்டியோ ஏத்துனா உடம்பே உடம்பைத் தின்ன ஆரம்பிச்சிடும் பாஸ்" என்று சொல்லிவிட்டான். அதை இவர் வீட்டில் வந்து கவலையோடு சொன்னார். விரதத்தில் இருப்பவர் தன் கறியைத் தானே தின்றால் அது அசைவத்தில் சேருமா என்று நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள், மசல் கரையாமல் இருக்கக் குரு சொன்ன அமினோ மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தார். பெரிய டப்பா. மேலே பச்சை இலைப் படம், பக்கத்தில் ஹலால் முத்திரை. செடியிலிருந்து எடுத்ததாம், சுத்தச் சைவமாம். காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, முருகன் படத்துக்கு முன்னால் நின்று விழுங்குவார். சாயங்காலம் கோயிலுக்குப் போய் வந்து மறுபடியும்.

விரதத்தில் எனக்கும் பங்கு உண்டு. மாதத்தின் அந்த நாட்களில் வீட்டில் இருக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. நானே ஸ்ரீ கெம்பாங்கானில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். இந்த வயதில் இது என்ன கூத்து என்று அக்கா திட்டுவாள். திட்டிக்கொண்டே மீன் பொரிப்பாள். எனக்கு இதிலெல்லாம் எவ்வளவு நம்பிக்கை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குழந்தை விஷயம், சும்மா இருந்துவிட்டுப் பிறகு யோசிப்பதைவிட, போய்விட்டு வருவதே மேல். மார்கழியில் ஒரு முறை நான் பிரிக்ஃபீல்ட்ஸில் வேலையில் இருக்கும்போதே ஆகிவிட்டது. அவருக்குப் போன் செய்தேன். சிந்துவையும் என் துணியையும் காரில் போட்டுக்கொண்டு கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வந்தார். நான் பின் இருக்கையில் ஏறிக்கொண்டேன். நெரிசலில் ஊர்ந்து நேராக அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் இரண்டு பேரும் கண்ணாடியில் பார்த்துப் பேசிக்கொண்டு போனது, பெண் பார்க்க வந்த நாளில்கூட இல்லாத சங்கோஜமாக, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாத்திரை தீரப்போகிறது, வரும்போது ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வா என்றார். நான் பல் கிளினிக்கில் கவுன்டரில் இருக்கிறேன். இரண்டு கடை தள்ளி ஒரு மருந்துக்கடை. அங்கே வேலை செய்யும் சுமையா எனக்கு மதியச் சாப்பாட்டுச் சிநேகிதி. அவள் அதே டப்பாவை எடுத்து வைத்தாள். இந்தக் காலத்தில் எதிலும் பன்றிக் கொழுப்பைச் சேர்த்துவிடுகிறார்களே, இதில் அப்படி ஒன்றும் இல்லையே என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். இந்த ஊரில் எல்லாரும் கேட்கிற கேள்வி அது.

"சேச்சே, ஹலால்தான்க்கா, பயப்படாதீங்க. மாத்திரை கூடு லெம்பு ஜெலட்டின்தான், மாட்டிலேர்ந்து..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். டப்பாவின் மேலிருந்த கையை மெதுவாக எடுத்தாள். "அக்கா, உங்க வீட்டுக்காரருக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். உள்ளே இருக்கும் பொடிதான் செடி, கூடு மாடு என்று அவள் விளக்கினாள். சிலவற்றில் கூடும் செடியில் செய்வார்கள், இதில் இல்லை என்றாள். தானே தவறு செய்ததுபோல அவள் முகம் வாடிப்போயிற்று. பாவம், அவள் என்ன செய்வாள்? இலைப் படத்தையும் முத்திரையையும் பார்த்து நாங்கள்தான் எங்களுக்கு வேண்டியதைப் படித்துக்கொண்டோம். பன்றி இல்லை என்றால் சுத்தம் என்று பழகிப்போன புத்தி. மாட்டைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ரயிலில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கிள்ளான்வரை நின்றேன். டப்பா வாங்கிய நாளிலிருந்து, காலையும் மாலையும், திருநீற்று நெற்றியோடு, அதுவும் முருகன் முன்னால் நின்று. எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் பொறுத்தவரை, முருகன் இதற்கெல்லாம் கணக்குப் பார்த்தால் அவருக்கு வேறு வேலை இல்லை என்றுதான் அர்த்தம். ஆனால் விமலனுக்குத் தெரிந்தால்? அவர் காவடியைத் தொட மாட்டார். மூன்றாவது வருஷமும் போச்சு என்று உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பிறகு சிந்து இருமுகிற ஒவ்வொரு இருமலும் அவர் வயிற்றிலிருந்து வந்ததாக ஆகிவிடும். அந்த மனிதரோடு ஆயுசுக்கும் எப்படி வாழ்வது?

கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். மிச்சம் இருந்த மாத்திரைகளை, சுமையா சொன்னாள், பொடியாகக் கலந்தால் சீக்கிரம் உடம்பில் சேருமாம் என்று என் கைக்கு வாங்கிக்கொண்டேன். அதை அவர் உடனே நம்பினார். உடம்பில் சேரும் என்று யார் எதைச் சொன்னாலும் நம்புவார். விடிகாலையில் அடுப்படியில் நின்று ஒவ்வொரு மாத்திரையாகத் திருகிப் பிரித்துப் பொடியைச் சோயா பாலில் கொட்டுவேன். கூடுகள் கண்ணாடிபோல லேசாக விரலில் ஒட்டும். அவற்றை என்ன செய்வது என்பது பெரிய பிரச்சினையாகிவிட்டது. வீட்டுக் குப்பையில் போடக் கூசியது. கிள்ளான் ஸ்டேஷனில் போடவும் மனசு வரவில்லை, ஊர் எல்லைக்குள் இருக்கிறதே என்று ஒரு எண்ணம். காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்து கே.எல். சென்ட்ரல் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் படியேறுவேன். நம்பிக்கை இல்லாதவள் செய்கிற வேலையா இது என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

அப்படியே ஓடிப்போயிருக்கும். தைப்பூசத்துக்கு நான்கு நாள் முன்னால் சாயங்காலம் சிந்துவுக்கு மறுபடியும் இழுக்க ஆரம்பித்தது. அன்றைக்கு மழை, வள்ளியம்மா ஆன்ட்டி வீட்டில் சாம்பிராணி வேறு. நெபுலைசர் முகமூடியை மாட்டிவிட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விமலன் ஜிம்மிலிருந்து வந்தவர் ஈரத் தலையோடு வாசலில் நின்றார். மெஷினின் சத்தத்துக்கு நடுவே அந்தப் பூனைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கேயோ குறை இருக்கு தாமரை. நான் ஒழுங்காத்தான் இருக்கேன். தூங்குறது, சாப்பிடுறது, எல்லாம். வீட்டுலதான் ஏதோ ஆகியிருக்கு." வாசலைத் தாண்டி உள்ளே வந்து, "நீ ஏதாச்சும் மறைக்கிறியா?" என்றார்.

எனக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது. நான் ஒழுங்கு, வீட்டில்தான் குறை. வீடு என்றால் யார்? நான்தானே. மாதாமாதம் துணியைச் சுருட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கினவள் நான். இவர் தானே தேடிப்போய் வாங்கி, சாமி முன்னால் நின்று மாட்டை விழுங்கியிருக்கிறார், நான் மறைக்கிறேனாம். ஆமாம், மறைக்கிறேன், யாருக்காக? வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு வரி போதும். 'உங்க டப்பாவைத் திருப்பிப் பாருங்க' என்று சொன்னால் அந்த அகலத் தோள் அங்கேயே இறங்கிவிடும். சொல்லிவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. அந்த நேரத்தில் சிந்து முகமூடிக்குள்ளிருந்து அவரைப் பார்த்து, "அப்பா, காவடியில மயில் ஒட்டியாச்சா?" என்று கேட்டாள். நடுவே இரண்டு முறை மூச்சு உடைந்துதான் அந்தக் கேள்வி வந்தது.

ஒட்டியாச்சு கண்ணு என்று அவர் சொன்னார். அவர் குரல் போன விதத்தைக் கேட்டதும் நான் வேறு எதையோ சொன்னேன்.

"போன மாசம் அக்கா வீட்டுக்குப் போன அன்னைக்கு, சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னாடி உங்க சோத்துப் பானையைக் கழுவி வச்சேன். அப்பவே ஆயிடுச்சு, எனக்குத்தான் தெரியல. சொல்லப் பயமா இருந்துச்சு."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையை மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனார். குருக்கள், இதுக்கெல்லாமா ஓடி வந்தே, மஞ்சள் தண்ணி தெளிச்சு, பானையை மாத்து, போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். திரும்பி வந்தவர் முகம் தெளிந்திருந்தது. குறை எங்கே என்று தெரிந்துவிட்டது, அதற்கு மருந்தும் கிடைத்துவிட்டது. அன்று இரவு ஹாலிலிருந்து அவருடைய குறட்டை கேட்டது. எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கணக்குப் பார்த்துத்தான் சொன்னேன்: குறை என்னுடையது என்றால் அதற்கு மஞ்சள் தண்ணீர் இருக்கிறது, அவர் வயிற்றுக்குள் போனதற்கு எந்தத் தண்ணீரைத் தெளிப்பது? கணக்கு சரிதான். ஆனாலும் அந்தக் குறட்டையைக் கேட்கக் கேட்கப் போய் எழுப்பிச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. மாத்திரை அன்றோடு தீர்ந்திருந்தது. மறுநாளிலிருந்து அவர் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. தானே ஊற்றிக்கொண்டார். கோபமாக இல்லை, ஜாக்கிரதையாக. அதுதான் பொறுக்கவில்லை. அக்காவிடம் போனில் சொன்னபோது, "நீ என்ன பைத்தியமா? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்றாள். தைப்பூசம் முடியட்டும் என்றேன். முடிந்ததும் சொல்வேனா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தைப்பூசத்தன்று பத்துமலை ஆற்றங்கரையில் குருவும் அவனுடைய ஆட்கள் இரண்டு பேரும் சட்டத்தைத் தூக்கி அவர் தோளில் இறக்கினார்கள். இடுப்புப் பட்டையை இறுக்கினார்கள். போன வருஷத்துக் காவடியேதான். ஆள்தான் வேறு மாதிரி இருந்தார். மார்பு வற்றி, விலா தெரிந்தது; தோளில் சதை போய் நரம்பு நின்றது. யாரும் அவரைப் படம் பிடிக்கவில்லை. சிந்துவுக்கு மஞ்சள் பாவாடை கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். அவளை இறக்கிவிட்டால் கூட்டத்தின் தூசியில் இழுக்க ஆரம்பித்துவிடும் என்று பயம். வழியெல்லாம் உறுமி, ஒலிபெருக்கி, தண்ணீர்ப் பந்தல். அருள் வந்தவர்கள் நாக்கைத் துருத்திக்கொண்டு சுழன்று போனார்கள். இவர் சுழலவில்லை. பேச முடிகிற வேகத்தில், குரு சொன்ன அதே வேகத்தில், நடந்தார். எனக்கு மட்டும் அது தெரிந்தது. வாய் முணுமுணுத்தது மந்திரமா, மூச்சுக் கணக்கா என்று கேட்கவில்லை.

படி ஏற ஆரம்பித்தோம். குரு முன்னால் போய், அங்கிள் கொஞ்சம், அக்கா கொஞ்சம் என்று வழி வாங்கினான். முதல் தளத்தில் நிற்காமல் போனார். இரண்டாவது தளம் வந்ததும் நின்றார். போன வருஷம் உட்கார்ந்த அதே இடம். சட்டத்தின் கம்பிகள் கிணுகிணுவென்று ஆடின. முழங்கால்தான் நடுங்குகிறது என்று புரிந்தது. குரு பதறிப்போய் ஸ்டூலைப் போடச் சொல்லிப் பின்னால் கை காட்டினான். விமலன் வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு என்னைப் பார்த்துத் "தண்ணி" என்றார்.

குருவின் கையில் பாட்டில் இருந்தது. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிந்துவை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு, என் பாட்டிலைத் திறந்து சட்டத்துக்குள் குனிந்து அவர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். குடித்தார். மோவாயில் வழிந்ததைத் துடைக்கக் கையை எடுத்தேன். நான் நகர்வதற்குள் அவர் பேசினார். உறுமிச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கிற குரல்.

"போன மாசம் உன்னைச் சென்ட்ரல்லேர்ந்து நேரா அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டது நான்தானே. நீ வீட்டுக்கே வரலையே. எப்படி என் பானையைக் கழுவினே?"

எத்தனை நாளாக இதை வைத்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. ஒருவேளை ஆற்றங்கரையிலிருந்து நடக்கிறபோது நினைவு வந்திருக்கலாம். கண்ணில் கோபம் இல்லை. பயம் இருந்தது, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது இருந்த அதே பயம். பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. வேல் வேல் என்று யாரோ காதுக்குப் பக்கத்தில் கத்தினார்கள். கம்பிகளின் ஆட்டம் கூடிக்கொண்டே போனது.

"என்ன மறைக்கிறே தாமரை?"

கைப்பைக்குள் கே.எல். சென்ட்ரலில் போட மறந்த கடைசிக் காகித மடிப்பு இருந்தது. சிந்துவை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஏறுங்க" என்றேன். "மேல போய்ச் சொல்றேன்."

அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு மூக்கால் ஒரு மூச்சை முழுசாக உள்ளே இழுத்தார். விலா விரிந்து, இடுப்புப் பட்டை இறுகியது. வலது கால் படியிலிருந்து எழுந்தது. கெண்டைக்கால் துடித்துத் துடித்து, அடுத்த படியில் பதிந்து, நின்றது. மயிலிறகுகள் என் தலைக்கு மேலே ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தன. சிந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அப்பா நடக்கிறார் என்று காதில் சொன்னாள். கீழேயிருந்து இவளைத் தூக்கிக்கொண்டுதான் ஏறி வந்திருக்கிறேன். எனக்கு மூச்சு வாங்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவர் காலை எடுத்த படியில் என் காலை வைத்தேன். படியின் கல் அவர் வியர்வையில் இன்னும் ஈரமாக, சூடாக இருந்தது.